பறவைகளைப் படித்த மனிதர்

கெடா மாநிலத்தின் வடபகுதியில், அலோர் ஸ்டாரிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாமுக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் ஜித்ரா. ஊரைச் சுற்றிலும் நெல்வயல்கள். அவற்றுக்கு அப்பால் ரப்பர் தோட்டங்களும் சிற்றூர்களும் பரவிக் கிடக்கின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இங்கு வெயில் கடுமையாக இருக்கும். அறுவடை முடிந்த வயல்களில் காய்ந்த தாள்கள் மட்டுமே நிற்கும். மாலை மங்கும் நேரத்தில் மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசை வரிசையாக வந்து அமரும். வரப்புகளில் மஞ்சள் வாலாட்டிகள் வாலை ஆட்டியபடி பூச்சிகளைத் தேடும். வேலிக் கம்பத்தின் உச்சியில் பழுப்புக் கீச்சான் ஒன்று தனியே அமர்ந்து நாற்புறமும் நோட்டமிடும்.

சில வாரங்கள் சென்றபின் அதே இடங்களைப் பார்த்தால் கம்பிகள் வெறுமையாக இருக்கும். கீச்சானையும் காண முடியாது. சீனா, மங்கோலியா, சைபீரியா போன்ற வட நாடுகளில் குளிர்காலம் விலகி வசந்தம் பிறக்கும் வேளையில், குளிருக்கு அஞ்சித் தெற்கே வந்த பறவைகள் இனப்பெருக்கம் செய்வதற்காகத் தாயகம் திரும்பிவிடுகின்றன. மலேசியாவில் நான்கு பருவங்கள் இல்லை. ஆயினும் வடக்கே பருவம் மாறுகிறது என்ற செய்தியை ஜித்ராவின் வயல்வெளிக்கு இப்பறவைகள் கொண்டு வருகின்றன. ஆண்டுதோறும் இதே மாதங்களில் போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானில், மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் கழுகுகளையும் பருந்துகளையும் காண மக்கள் கூடுகின்றனர்.

எல்லாப் பறவைகளும் இவ்வாறு பயணம் செல்வதில்லை. வயலோரத்து மரங்களில் சுரைக்குடுக்கை போன்ற கூடுகளைத் தொங்கவிடும் தூக்கணாங்குருவி ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்கிறது. மலாய்க்காரர்கள் இதனைத் தெம்புவா என்று அழைப்பர். காரணம் இல்லாமல் தெம்புவா தாழ்ந்த கிளையில் கூடு கட்டாது என்ற கருத்தில் அவர்களிடம் ஒரு பழமொழியும் வழங்குகிறது. அருகில் குளவிக் கூடு இருந்தால் பகைவர் நெருங்க மாட்டார்கள் என்பதால்தான் அது துணிந்து தாழக் கட்டுகிறது என்று விளக்கம் சொல்வர். தமிழ்க் கதைகளிலும் மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறிக் கூட்டை இழந்த குருவி இதுவே. இவ்வளவு பழகிய பறவையாக இருந்தும், அதன் குடும்ப வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது நெடுங்காலம் சரியாக விளங்காமலேயே இருந்தது. வேலை இழந்து வீட்டில் இருந்த ஒரு மனிதர் அதன் கூட்டருகே பல மாதம் பொறுமையாக அமர்ந்து அந்த உண்மையைக் கண்டறிந்தார். அவர்தாம் இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்படும் சலீம் அலி.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். அந்நகரம் இன்று மும்பை என வழங்கப்படுகிறது. பெற்றோருக்குப் பத்தாவது பிள்ளையாக, கடைக்குட்டியாகப் பிறந்த அவருக்கு, ஒரு வயதானபோது தந்தையார் மறைந்தார். மூன்று வயதில் தாயாரும் மறைந்தார். பிள்ளைப்பேறு இல்லாத தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் அக்குழந்தைகளைத் தங்கள் பிள்ளைகளாக எண்ணி வளர்த்தனர்.

மாமா வேட்டையில் நாட்டம் உடையவர். அக்காலத்து வழக்கப்படி சிறுவன் சலீமுக்கும் ஒரு சிறிய காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. ஏறத்தாழப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள் அவர் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். கையில் எடுத்துப் பார்த்தபோது, அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் தீற்றல் ஒன்று இருந்தது. வீட்டு முற்றத்தில் நாள்தோறும் காணும் சிட்டுக்குருவிக்கு அப்படி இராதே என்று அவர் வியந்தார். மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் விடை தெரியவில்லை. ஆனால், தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்பி வைக்கும் நல்லுள்ளம் அவருக்கு இருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயரிடம் சிறுவனை அவர் அனுப்பினார்.

தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்த சிறுவனை மில்லார்டு அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் கூறினார். பிறகு, பதப்படுத்தப்பட்ட பறவைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஒரு நாட்டில் இத்தனை வகைப் பறவைகளா என்று சிறுவன் திகைத்து நின்றான். பறவைகள் பற்றிய நூல்களை மில்லார்டு அவனுக்கு இரவல் கொடுத்தார். பறவைகளைப் பதப்படுத்தும் முறையையும் கற்றுக்கொள்ள வழி செய்தார். ஒரு பெரியவர் ஒரு சிறுவனின் கேள்வியைச் சிறிது நேரம் ஒதுக்கி மதித்ததால், ஒரு வாழ்க்கையின் திசையே மாறிவிட்டது. பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, அந்நூலுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்ற பொருளிலேயே சலீம் அலி தலைப்பிட்டார்.

ஆர்வம் இருந்ததே தவிர, பாதை எளிதாக அமையவில்லை. கல்லூரிப் படிப்பு அவருக்குக் கசந்தது. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, பர்மாவின் தவாய் பகுதியில் குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கச் சென்றார். அங்குக் கணக்குப் புத்தகத்தைவிடக் காடுதான் அவரை அதிகம் ஈர்த்தது. 1917இல் பம்பாய் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். அதே வேளையில், பாதிரியார் பிளாட்டர் என்ற அறிஞரின் ஊக்கத்தால் விலங்கியலும் கற்றார். 1918ஆம் ஆண்டு டிசம்பரில் தெமினா என்ற உறவினரை மணந்தார்.

பறவையியலையே தொழிலாக்கிக்கொள்ள அவர் விரும்பினார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பதவி ஒன்றுக்கு முயன்றார். முறையான பட்டம் இல்லை என்பதால் அது கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கைப் பிரிவில் வருவோருக்கு விளக்கம் அளிக்கும் பணி கிடைத்தது. அங்கே பணியாற்றியபோதுதான், தமக்கு அறிவியல் பயிற்சி போதாது என்பதை அவர் உணர்ந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு 1928இல் ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் சென்று, எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற புகழ்பெற்ற பறவையியல் பேராசிரியரிடம் மாணவரானார். பறவைகளின் கால்களில் எண் பொறித்த வளையம் மாட்டி, அவை எங்கிருந்து எங்குச் செல்கின்றன என்று கண்டறியும் முறையையும் அங்கு நேரில் பார்த்தறிந்தார்.

புதிய அறிவோடு 1930இல் தாயகம் திரும்பியவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. நிதிப் பற்றாக்குறையால் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. வயது முப்பத்து மூன்று. கையில் வேலை இல்லை. பட்டமும் இல்லை. நகரில் வாழ்வதற்கு ஆகும் செலவைத் தாங்க முடியாத நிலையில், கணவனும் மனைவியும் பம்பாய்க்கு அருகில் கடற்கரையோரம் உள்ள கிஹிம் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர்.

அந்தச் சிற்றூரில்தான் தூக்கணாங்குருவிகள் அவருக்காகக் காத்திருந்தன. வீட்டுக்கு அருகிலேயே மரத்தில் அவை கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. வேறு வேலை இல்லாத மனிதருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. மழைக்காலம் முழுவதும் அவர் கூடுகளுக்கு அருகே மறைந்து அமர்ந்து, மணிக்கணக்காகப் பார்த்தார். பார்த்ததை நாள், நேரம் குறித்து எழுதினார். தொலைதூரப் பயணமோ விலையுயர்ந்த கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை.

அவர் கண்டது வியப்பூட்டியது. கூட்டைக் கட்டுவது ஆண்குருவிதான். புல்லையும் ஓலையையும் நார் நாராகக் கிழித்து அது முடிச்சிட்டுப் பின்னுகிறது. கூடு பாதி உருவாகித் தலைக்கவசம் போலத் தொங்கும் நிலையில், பெண்குருவிகள் கூட்டமாக வந்து சேர்கின்றன. அவை கூடுகளுக்குள் நுழைந்து, பின்னலை அலகால் இழுத்துச் சோதிக்கின்றன. பிடிக்காத கூட்டை விட்டு நகர்ந்துவிடுகின்றன. பிடித்த கூட்டில் ஒரு பெண்குருவி தங்கிய பின்னரே, ஆண்குருவி முட்டை அறையை முடித்து, நீண்ட குழாய் போன்ற நுழைவாயிலையும் அமைக்கிறது. பெண்குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண்குருவி அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி, இன்னொரு பெண்குருவியின் வரவை எதிர்பார்க்கிறது. ஒரே பருவத்தில் ஓர் ஆண்குருவிக்கு அடுத்தடுத்துப் பல குடும்பங்கள் அமைகின்றன. பாதியில் கைவிடப்பட்ட கூடுகள் மரத்தில் ஏன் தொங்குகின்றன என்ற கேள்விக்கும் இதனால் விடை கிடைத்தது. பெண்குருவிகள் ஏற்காத கூடுகளே அவை.

இந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது பறவையியல் அறிஞர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தனர். வேலை இழந்த ஆண்டே அவருடைய பெயரை நிலைநாட்டிய ஆண்டாக மாறியது.

அதன்பின் அவர் ஒரு துணிவான முடிவை எடுத்தார். அக்கால இந்தியாவில் பல சுதேச அரசுகள் இருந்தன. அவற்றின் காடுகளில் என்னென்ன பறவைகள் உள்ளன என்பதற்கு முழுமையான பதிவு இல்லை. செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் சம்பளமின்றிப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தித் தருவதாக அவர் முன்வந்தார். ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் முதலிய பகுதிகளில் கூடாரம் அடித்துத் தங்கி ஆய்வு செய்தார். வசதியான குடும்பத்தில் வளர்ந்த தெமினா, காட்டு வாழ்க்கையின் இன்னல்களைப் பொருட்படுத்தாமல் உடன் சென்றார். முகாமை நிர்வகித்ததோடு, பறவைகளைப் பார்ப்பதிலும் அவர் தேர்ந்தவரானார். 1933இல் கேரளப் பகுதியில் நடந்த ஆய்வின்போது பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டின் பறவை வளம் சலீம் அலியை மிகவும் கவர்ந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1983இல் அங்கே பறவைகள் சரணாலயம் அமைந்தது.

1939இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெமினா எதிர்பாராமல் காலமானார். இருபது ஆண்டுத் துணையை இழந்த சலீம் அலி நிலைகுலைந்து போனார். தம் சகோதரியின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்த அவர், துயரை வேலையில் கரைத்தார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1941இல் அவருடைய இந்தியப் பறவைகள் என்ற நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு எளிய நடையில் அமைந்த அந்நூல், பறவையியலை அருங்காட்சியகத்தின் இழுப்பறையிலிருந்து பொதுமக்களின் கைக்குக் கொண்டு வந்தது. விடுதலைப் போராட்டத்தில் சிறைப்பட்டிருந்த ஜவஹர்லால் நேரு, தம்மைப் போலவே சிறையில் இருந்த மகள் இந்திராவுக்கு 1942இல் அந்நூலைப் பரிசளித்தார். பின்னாளில் இந்தியப் பிரதமரான இந்திரா காந்தியின் பறவை ஆர்வத்துக்கு அது வித்திட்டது.

அந்நூல் வெளிவந்த அதே 1941ஆம் ஆண்டு டிசம்பரில், ஜப்பானியப் படை மலாயாவுக்குள் புகுந்தது. ஜித்ராவில் நடந்த போரில் பிரிட்டிஷ் படையின் தற்காப்பு வரிசை உடைந்தது. இரண்டு மாதங்களில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அந்த நெருக்கடியில் சிங்கப்பூரை விட்டுக் கப்பலில் வெளியேறியவர்களுள் ஒருவர் லோக் வான் தோ. கோலாலம்பூரில் பிறந்த இவர், செல்வந்தர் லோக் இயூவின் மகன். இவர் சென்ற கப்பல் குண்டுவீச்சுக்கு இரையானது. தீக்காயமடைந்து, சில காலம் பார்வையும் இழந்த இவர், ஒருவாறு உயிர் தப்பி இந்தியாவை அடைந்தார். பம்பாயில் சலீம் அலியைச் சந்தித்தார். பறவைகள் மீது கொண்ட காதல் இருவரையும் நெருங்கிய நண்பர்களாக்கியது. போருக்குப் பின்னர் நாடு திரும்பித் திரைப்படத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த லோக் வான் தோ, சிறந்த பறவைப் புகைப்படக் கலைஞராகவும் விளங்கினார். சலீம் அலியின் ஆய்வுப் பயணங்கள் பலவற்றுக்கு அவர் பொருளுதவி செய்தார். 1964இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறையும்வரை அந்த நட்பு நீடித்தது. போர் பிரித்த மனிதர்கள் பலர். போரால் இணைந்த இந்த நட்பு, மலாயா மண்ணையும் இந்தியப் பறவையியலையும் இணைத்தது.

இந்தியா 1947இல் விடுதலை பெற்றபின், 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நிதி நெருக்கடியில் தள்ளாடியது. சிறுவயதில் தமக்குக் கதவைத் திறந்த அந்தக் கழகம் மூடப்படுவதைச் சலீம் அலியால் ஏற்க முடியவில்லை. பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதி அரசின் உதவியைப் பெற்றுத் தந்தார். கழகம் பிழைத்தது. அதன் சார்பில், தமிழகத்தின் கோடியக்கரை உட்பட பல இடங்களில் வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டும் பணி நடைபெற்றது.

இராஜஸ்தானின் பரத்பூர் ஏரிப் பகுதியைக் காப்பாற்றியதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. மன்னர்கள் விருந்தினரோடு வாத்து வேட்டையாடிய இடம் அது. 1938இல் ஒரே நாள் வேட்டையில் அங்கே 4,000க்கும் மேற்பட்ட பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஏரியை வற்றச் செய்து விளைநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, சலீம் அலி நேருவின் துணையை நாடி அதைத் தடுத்தார். 1985இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

அவருடைய எல்லா முடிவுகளும் சரியாக அமைந்துவிடவில்லை. பரத்பூரில் எருமைகள் மேய்வதைத் தடுக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்திருந்தார். 1982இல் தடை வந்தபோது சுற்றுவட்டாரக் கிராம மக்கள் கொதித்தெழுந்தனர். அப்போது ஏற்பட்ட மோதலில் உயிர்களும் பறிபோயின. அதன்பின் எருமைகள் மேயாத நீர்ப்பரப்பில் புல் அடர்ந்து வளர்ந்தது. பறவைகளுக்குத் தேவையான திறந்த நீர்நிலை சுருங்கியது. எருமைகள் மேய்ந்தது பறவைகளுக்கு நன்மையாகவே இருந்திருக்கிறது என்பதை, அவர் காத்து வளர்த்த அதே கழகத்தின் பல்லாண்டு ஆய்வு வெளிப்படுத்தியது. பேரறிஞரின் கருத்தாயினும் அதையும் வயல்வெளியில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் வளர்த்த அறிவியலின் நெறி. அந்த நெறி அவருடைய கருத்தையும் திருத்தியது.

பறவைகளை நேசித்தவர் ஆய்வுக்காக அவற்றைச் சுடவும் செய்தார் என்பது இன்றைய வாசகருக்கு முரணாகத் தோன்றலாம். கையில் வைத்து ஆராய்ந்தால்தான் இனத்தை உறுதிசெய்ய முடியும் என்ற காலம் அது. தேவைக்கு மேல் கொல்லலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவருடைய வாழ்நாளிலேயே துப்பாக்கியின் இடத்தைத் தொலைநோக்கியும் புகைப்படக் கருவியும் பிடித்துக்கொண்டன. அந்த மாற்றத்துக்கு அவருடைய நூல்களும் துணைநின்றன.

டில்லன் ரிப்ளி என்ற அமெரிக்கப் பறவையியலாளரோடு இணைந்து அவர் எழுதிய இந்தியா, பாகிஸ்தான் பறவைகள் கையேடு 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. அது நிறைவடைந்தபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு மழைக்காட்டை அணைத் திட்டத்திலிருந்து காக்கவும் அவர் குரல் கொடுத்தார். 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகளை இந்திய அரசு அவருக்கு வழங்கியது. இயற்கைப் பாதுகாப்புக்காகக் கிடைத்த அனைத்துலகப் பரிசுத் தொகையை அவர் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்துவிட்டார். பட்டம் இல்லை என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவருக்கு, பின்னாளில் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிப் பெருமை கொண்டன. 1985இல் அவர் இந்திய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

சலீம் அலி 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தம் தொண்ணூறாவது வயதில் மறைந்தார். 1990இல் கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழகத்தின் தேனிப் பகுதி மலைகளில் கண்டெடுக்கப்பட்ட அரிய பழந்தின்னி வௌவால் இனம் ஒன்றுக்கும் அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் பிறந்த நவம்பர் 12 இந்தியாவில் தேசியப் பறவைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பறவைகள் உழவனுக்கு நண்பர்கள் என்பதைச் சலீம் அலி தம் எழுத்துகளில் பலமுறை வலியுறுத்தினார். இன்று மலேசியாவின் நெல்வயல்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் எலிகளை ஒழிப்பதற்காகக் கூகைகளுக்குக் கம்பங்களின் மேல் பெட்டிக் கூடுகள் வைக்கப்படுகின்றன. பறவையின் உணவையும் வாழ்க்கை முறையையும் யாரோ பொறுமையாகக் கவனித்து எழுதி வைத்ததன் பயன் அது.

ஜித்ராவின் வயலோரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் இன்றும் காற்றில் ஆடுகின்றன. அவற்றுள் சில முழுமை பெற்றவை. சில பாதியில் நின்றவை. ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அந்த மரத்தடியில் அமரும் மாணவர், எந்தக் கூட்டில் எந்த நாளில் பெண்குருவி குடிபுகுந்தது என்று குறித்துவைக்கலாம். மின்கம்பியிலிருந்து தகைவிலான்கள் விடைபெற்ற நாளையும், அவை மீண்டும் திரும்பிய நாளையும் எழுதிவைக்கலாம். கிஹிம் சிற்றூரில் வேலையின்றி இருந்த ஒருவர் செய்ததும் அதுவே. தெரிந்த இடத்தையே மீண்டும் மீண்டும் பார்க்கும் கண்ணுக்கு, தெரியாத உண்மை ஒருநாள் புலப்படும்.